ஏவுதல் கருத்தா

1

ஐப்பசி பிறந்ததும் வேலைக்கு வந்து, தை பிறந்ததும் விடுப்பில் போய்விடுகிற வார்த்தை ஒன்று தமிழில் இருக்கிறது: சீற்றம். தினசரிகளில் ‘கடல் சீற்றம்’. அனுதாபச் செய்திகளில் ‘இயற்கையின் கோரத் தாண்டவம்’. மேடைகளில் ‘சீறிப் பாய்ந்த ராட்சச அலைகள்’. சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. இந்த வார்த்தை ஏறக்குறைய முழுவதும் அப்போதுதான் வருகிறது.

பத்திரிகைத் தமிழ்தானே, இதற்கு ஒரு விமர்சனக் கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பத்திரிகைத் தமிழ் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. இன்று கவிதையில் படிமமாக இருப்பது நாளை தலைப்புச் செய்தியில் தேய்வழக்காக இருக்கும். தேய்ந்த நாணயத்தைக் கொண்டுவருகிறவனிடம் கோபித்துக்கொள்வதைவிட, அது எங்கே அச்சடிக்கப்பட்டது என்று பார்ப்பது நல்லது. அச்சுக்கூடம் நம் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகிற சாலையில் தினமும் போய்வருகிறவன் நான். அந்தப் பட்டையில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கடலுக்குப் போகாத நாட்கள் கூடக்கூட எங்கள் கிளையில் நகைக் கடன் வரிசை நீளும். கார்த்திகை முடிவதற்குள் மூக்குத்தி வரை வந்துவிடும். ‘கடனின் நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘வீடு பழுது’ என்று எழுதுவார்கள். வீடு ஏன் பழுதானது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. வங்கிப் படிவத்தில் அது இல்லாததில் ஆச்சரியமில்லை. இலக்கியத்தில் அந்தக் கட்டம் இருந்தே ஆகவேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

2

மூன்றாம் வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ‘ஆல்’ என்ற உருபு கருவிப் பொருளிலும் வரும், கருத்தாப் பொருளிலும் வரும். கத்தியால் வெட்டினான் என்றால் கத்தி கருவி. தச்சனால் செய்யப்பட்டது என்றால் தச்சன் கருத்தா. இந்தக் கருத்தாவை இலக்கணக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தன் கையால் செய்கிறவன் இயற்றுதல் கருத்தா. தான் செய்யாமல் பிறரைக்கொண்டு செய்விக்கிறவன் ஏவுதல் கருத்தா. கல்லணை கரிகாலனால் கட்டப்பட்டது என்கிறோம். கரிகாலன் கல் சுமக்கவில்லை. சுமந்தவர்களைக் காட்டும் வாக்கியம் ஒன்று, சுமக்கச் சொன்னவனைக் காட்டும் வாக்கியம் ஒன்று என்று நம் இலக்கணம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. வைதிகமான விஷயம் என்று நாம் ஒதுக்கிவிட்ட இலக்கண நூலில் இப்படியொரு கூர்மை கிடப்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

இப்போது ‘கடல் சீற்றத்தால் குடிசைகள் இடிந்தன’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இந்த ‘ஆல்’ எந்த ‘ஆல்’? அலை ஒரு கருவி என்றால் அதைப் பிடித்திருந்த கை எது என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியை வரவிடாமல் தடுப்பதற்குத்தான் சீற்றம். சீறுவதற்கு மனசு வேண்டும். கடலுக்கு ஒரு மனசைக் கொடுத்த உடனே கருவி கருத்தாவாகிவிடுகிறது. கருத்தாவின் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாயிற்று. ஏவியவர் யார் என்று பிறகு யாரும் கேட்பதில்லை. நான்கு சொல்லில் ஒரு விசாரணை முடிந்து கோப்பு மூடப்படுகிறது.

புயலை யார் ஏவமுடியும் என்று உடனே எதிர்க்கேள்வி வரும். யாராலும் முடியாது. வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலை உருவாவதற்கு எந்த இலாகாவின் உத்தரவும் தேவையில்லை. ஆனால் புயல் கரையை நெருங்கும்போது அங்கே மணல் இருக்கிறதா கல் இருக்கிறதா, ஆற்றுக்கு வாய் இருக்கிறதா, வெள்ளம் நுழைகிற வளாகத்தில் என்ன தேங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் மனிதர்கள் தேதி போட்டுக் கையெழுத்திட்ட காரியங்கள். அலை இயற்றுகிறது. அலை எதன்மீது இயற்ற வேண்டும் என்பது வேறு இடத்தில் முடிவாகிறது.

3

வடசென்னைக் கரையின் விஷயத்தில் அந்த வேறு இடத்தைச் சுட்டிக்காட்டுவது கஷ்டமில்லை. எல்லோரும் பார்க்கும்படி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளியே திறந்த கடலில் நங்கூரமிட, மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஜனங்களையும் கரை சேர்த்தன. 1870களின் நடுவில் இரண்டு கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டி ஒரு தொட்டியை உண்டாக்கும் வேலை தொடங்கியது. வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அந்தக் கரங்களை உடைத்துப்போட்டது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கு நோக்கி இருந்த வாயிலில் மணலும் அலையும் ஓயாமல் தொல்லை கொடுக்க, ஸர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தின் தலைவராக இருந்த காலத்தில் அது மூடப்பட்டு வடகிழக்கில் வாயில் வைக்கப்பட்டது. 1912இல் ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இந்த ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான்.

இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் அலையும் நீரோட்டமும் அதை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வடக்கே போகும் மாதங்கள் அதிகம். ஆக, வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்குக்கு. இப்படிப் போய்க்கொண்டிருந்த மணலின் குறுக்கே ஒரு சுவரைக் கட்டினால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே, தினசரிச் செலவு நடந்துகொண்டிருக்க, வரவு நின்றுவிடும். எங்கள் பேரேட்டு மொழியில் சொன்னால் தெற்கே வரவு, வடக்கே பற்று. நூற்று நாற்பது வருஷங்களாக இந்தக் கணக்கு ஒரே திசையில் எழுதப்பட்டு வருகிறது.

தெற்கே சேர்ந்த வரவுக்கு மெரினா என்று பெயர். ஒருகாலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் வந்து மோதிக்கொண்டிருந்த கடல் விலகிப்போனது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாவும் சாலையை அமைத்தார். வடக்கே ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தது. கரை நெடுகக் கல்லைக் கொட்டினார்கள். கல் இருக்கிற இடத்தில் அரிப்பு நிற்கும். கல் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கும். ஆகவே கல் வடக்கே போகப்போக அரிப்பும் அதற்கு முன்னால் ஓடியது. எர்ணாவூர், சின்னக்குப்பம், பெரியகுப்பம் என்று அந்த ஓட்டத்துக்கு நிலையங்கள் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு கடலுக்குள் குறுக்கே கல் கைகளை நீட்டி மணலைப் பிடிக்கப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஜனங்களிடையே நின்றுவிட்ட பெயர் தூண்டில் வளைவு. எஞ்சினியரின் கல்லைத் தன் தொழில் கருவியின் வளைவில் பார்த்த பெயர் இது. மணலை மீனாக நினைத்துத் தூண்டில் போடுகிறார்கள் என்ற மெல்லிய கிண்டலும் அதற்குள் எனக்குக் கேட்கிறது. ஐம்பது வருஷத்துக் கடல் கவிதையில் இதற்கு ஈடான படிமங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

4

கடல் கவிதைக்கு வருகிறேன்.

நவீன கவிதை நமக்குத் திருவல்லிக்கேணியில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. பாரதியின் கடைசி வருஷங்கள் அங்கே. 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியதும் அங்கே. அறையில் புழுக்கம் தாங்காமல் வெளியே வந்தால் பத்து நிமிஷ நடையில் கடற்கரை. இலக்கிய நண்பர்கள் கூடினதும், சண்டை போட்டதும், பிரிந்ததும் அந்த மணலில். நாம் கவிதையில் கடல் என்று எழுதும்போது நினைவில் விரிவது பெரும்பாலும் இந்தக் கடல்தான்.

இதன் குணங்களைக் கொஞ்சம் பட்டியலிடலாம். அது தூரத்தில் இருக்கிறது. போய்ச் சேர மணலில் நடக்க வேண்டும். மாலையில் இருக்கிறது. அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவன் தனியாக இருக்கிறான். அவனுக்கு அதனிடம் வேலை ஒன்றும் இல்லை. எனவே அது அவனுடைய வெறுமையாகவோ காலமாகவோ மரணமாகவோ ஆகிவிட எந்தத் தடையும் இல்லை. அலை திரும்பத் திரும்ப வருவது அவனுக்கு அர்த்தமின்மையின் குறியீடு. கடற்கரை தினமும் அடி அடியாகக் குறைகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அலை திரும்ப வருவது எதன் குறியீடாகவும் ஆக அவகாசம் தருவதில்லை.

இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அந்தக் கவிதைகளில் சில உண்மையாகவே நல்ல கவிதைகள். வெறுமை என்ற அனுபவமும் நிஜம்தான். நான் சொல்லவருவது ஸ்தூலமான ஒரு விஷயம். கவிஞன் உட்கார்ந்திருந்த அந்த மணல், வடக்கே போகவேண்டிய மணல். அவனுக்கும் கடலுக்கும் நடுவே அனந்தத்தைப் பற்றி யோசிக்கப் போதுமான தூரம் உண்டானது, ராயபுரத்தில் ஒருத்தியின் வாசலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த தூரம் இல்லாமல் போனதனால். துறைமுகச் சுவர் ஒரே சமயத்தில் இரண்டு கடல்களை உண்டாக்கியது. ஒன்று தியானிக்கத்தக்கது. மற்றது வீட்டுக்குள் வருவது. நம் கவிதை முதல் கடலில் கற்ற மொழியை வைத்துக்கொண்டு இரண்டாவது கடலைப் பற்றிப் பேசப் போகும்போது அதற்குக் கிடைக்கிற வார்த்தைதான் சீற்றம். அமைதியாக இருந்தால் அது என் ஆழ்மனம். பொங்கினால் அது என் கோபம். எப்படியும் அது என்னைப் பற்றியது. கடலின் பக்கம் பேச, மணல் என்ன ஆனது என்று கேட்க, யாரும் இல்லை.

உரைநடை இந்த விஷயத்தில் முன்னே போய்விட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல். கடலில் வேலை இருக்கிறவர்களின் கடல் அங்கே இருக்கிறது. ஆனால் இரண்டும் தெற்குக் கடலோரங்கள். சென்னையில், கவிதை பிறந்த தெருவிலிருந்து ஆறேழு மைலில் இருக்கிற கடல், கவிதைக்கு இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

5

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் ரஸ்கினை ஒருமுறையாவது கடந்திருப்பார்கள். ஜடப் பொருளுக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதை அவர் 1856இல் ‘பதெடிக் ஃபாலஸி’ என்றார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று கடலில் மூழ்கிய ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. அதில் கடல் நுரைக்கு ஒரு துர்க்குணம் ஏற்றப்பட்டிருந்தது. நுரைக்குக் குணம் இல்லை என்றார் ரஸ்கின். பலர் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் மேலே போனார். துக்கத்தில் நிலை தடுமாறிய மனசு அப்படிச் சொன்னால் அந்தப் பொய்யில் ஒரு மெய் இருக்கிறது. துக்கம் இல்லாதவன் அலங்காரத்துக்காக அதையே சொன்னால் வெறும் பொய் என்பது அவர் செய்த முக்கியமான பாகுபாடு.

இதை வடசென்னைக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கலாம். வலையும் படகும் போனபிறகு கரையில் நின்று கடலை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவளை யாரும் திருத்தவேண்டியதில்லை. அவள் பேச்சில் சூடு இருக்கிறது. அதையே எழுதுமேஜையிலிருந்து எடுத்து அறிக்கையிலும் தலைப்பிலும் கவிதையிலும் வைக்கும்போது சூடு ஆறி, பொய் மட்டும் மிஞ்சுகிறது. அவளுக்கு அது ஒப்பாரி. அறிக்கைக்கு அது சௌகரியம்.

பழையவர்கள் எல்லோரும் இந்தச் சௌகரியத்தைத் தேடினவர்கள் அல்ல. ‘மணிமேகலை’யில் புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. ஏன்? சோழ அரசன் தன் குழந்தையை இழந்த துக்கத்தில் இந்திர விழாவை நடத்த மறந்துவிட்டான். அதனால் தெய்வத்தின் கோபம். நம் பகுத்தறிவுக்கு இது ஒத்துவராது. ஆனால் வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். கடல் தானாகச் சீறவில்லை. ஒரு காரியம் செய்யப்படாமல் விடப்பட்டது. விட்டவன் அரண்மனையில் இருக்கிறான். அவனுக்குப் பெயர் இருக்கிறது. அவன் துக்கம்கூட மன்னிப்பாக ஏற்கப்படவில்லை. காரணம் தவறாக இருக்கலாம். காரணம் தேடிப் போன திசை தவறில்லை. தினசரியின் தலைப்பைவிடச் சாத்தனாரின் புராணம் இந்த ஒரு விஷயத்தில் விஞ்ஞானத்துக்குக் கிட்டத்தில் நிற்கிறது.

திருவொற்றியூர் என்ற பெயரிலும் இப்படியொரு கதை கிடக்கிறது. பிரளய வெள்ளத்தை இறைவன் ஒற்றிப்போகச் செய்த ஊர், ஆகவே ஒற்றியூர் என்பது தல புராணம். ஒற்றி என்றால் அடமானம் என்றும் அர்த்தம்; பக்திக் கவிகள் இந்த இரட்டை அர்த்தத்தில் விளையாடியிருக்கிறார்கள். வெள்ளம் விலகி நின்ற ஊரும் அடகு வைக்கப்பட்ட ஊரும் ஒரே எழுத்துக்களில் அடங்கியிருப்பதை, நகைக் கடன் கவுன்டரில் இருக்கிற ஒருவன் அவ்வளவு சுலபமாக விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்த ஊர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. புகாரில் பிறந்து ஒற்றியூரில் முடிந்ததாக மரபு சொல்கிற வணிகர். கடல் தின்ற ஊரிலிருந்து கடல் தின்றுகொண்டிருக்கிற ஊருக்கு வந்தவர் என்று இன்று படிக்கலாம்.

6

2023 டிசம்பர் இந்த விவாதத்தை ரசனைப் பிரச்னையிலிருந்து வெளியே இழுத்துவந்தது.

மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக் கரையை ஒட்டி மெதுவாக வடக்கே நகர்ந்து, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து கூடுகிற எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளம் வடிவதற்குப் போதிய வழியில்லை. புயல் நாளில் ஏறி நிற்கும் கடல் எந்த ஆற்று வாயையும் அடைக்கும். இந்தக் கழியில் போதாக்குறைக்குச் சாம்பலும் ஆக்கிரமிப்பும். அந்த வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் எண்ணெய். ஜனங்கள் வாளியும் குவளையுமாக அள்ளினார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும் இதே வாளிகள்தான். நடுவே ஆறு வருஷங்கள் இருந்தன.

குழாய்களில் கசிவில்லை என்றது ஆலை. வளாகத்துக்குள் மழைநீரைக் கையாளும் ஏற்பாட்டில் இருந்த குறைபாட்டால் எண்ணெய் வெள்ளத்தில் கலந்து வெளியேறியது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக்கு அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி இருட்டில் தெருவில் ஓடினார்கள். குழாயின்மேல் போட்டிருந்த பாறைகள் புயல் அலையில் பெயர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று பிறகு ஆராய்ந்த குழு கருதியது. இருக்கலாம். ஆனால் ‘மிக்ஜாம்’ என்ற பெயர் வாக்கியத்தில் எங்கே வந்து உட்காருகிறது என்று கவனியுங்கள். ஒரு குழாயை அங்கே போட்டவர்களுக்கும், அது போகிற குப்பத்துக்கும் நடுவில்.

என் கவுன்டருக்கு எண்ணெய்க் கறை படிந்த பாஸ் புத்தகங்கள் வந்தன. அந்தக் குப்பங்களுக்கு அரசு இரண்டு வகையில் பணம் தந்தது. புயல் நிவாரணம் என்று குடும்பத்துக்கு 6,000 ரூபாய். எண்ணெயால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய். ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே சுவரில் ஒரே கோடு. பெயர் மட்டும் இரண்டு. முதல் பெயருக்கு எதிராளி கிடையாது. இரண்டாவது பெயருக்கு உண்டு. வெள்ளத்தை எப்படி அழைக்கிறோம் என்பது அலங்கார சாஸ்திரத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

சட்டம் இந்த இடத்தில் இலக்கியத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆங்கிலேயச் சட்டத்தில் ‘ஆக்ட் ஆஃப் காட்’ என்று ஒரு விதிவிலக்கு உண்டு: தெய்வச் செயல் என்று நிரூபித்தால் பொறுப்பில்லை. 1985 டிசம்பரில் டில்லியில் ஓலியம் வாயுக் கசிவு நடந்தது. அது சம்பந்தமான வழக்கில் 1986இல் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழிலை நடத்துகிறவருக்கு இந்தமாதிரி விதிவிலக்கு எதுவும் கிடையாது, பொறுப்பு முழுமையானது என்று தீர்ப்பளித்தது. கோர்ட்டில் செல்லாத தெய்வச் செயல் நம் கவிதையிலும் கட்டுரையிலும் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

7

இவ்வளவும் சொன்னபிறகு, அப்படியானால் கவிஞன் மனு எழுத வேண்டும் என்கிறாயா என்று ஒரு தரப்பு கேட்கும். இன்னொரு தரப்பு, கடைசியில் நம் பக்கம் வந்துவிட்டான் என்று கை கொடுக்க வரும். இருவருக்கும் ஒரே பதில்.

‘கடல் சீறியது’ என்பதை அழித்துவிட்டு ‘மக்கள் கடல் சீறும்’ என்று எழுதுவதால் ஒன்றும் ஆகிவிடாது. பொய்யான மனசைக் கடலிலிருந்து எடுத்து ஜனங்களின்மேல் வைத்தாயிற்று, அவ்வளவே. சின்னக்குப்பத்து ஜனங்கள் சீறுவதில்லை. டோக்கன் வாங்குகிறார்கள், வலையைக் காயவைக்கிறார்கள், கல்லுக்கு நடுவே படகை ஏற்ற இடம் தேடுகிறார்கள், அடகை மீட்கத் தேதி கேட்கிறார்கள். இந்த வினைச்சொற்கள் கோஷக் கவிதைக்கும் தேவைப்படவில்லை, தியானக் கவிதைக்கும் தேவைப்படவில்லை. நான் கேட்பது இந்த வினைச்சொற்களை. இதில் கட்சி எதுவும் இல்லை. துல்லியம் என்ற பழைய சமாச்சாரம்தான்.

அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. ‘நெடுநல்வாடை’ அடைமழையில் தொடங்குகிறது. கோவலர்கள் வெள்ளத்தை வெறுத்து மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். குளிரில் நெருப்பைச் சுற்றி நடுங்குகிறார்கள். மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவை தன் கன்றை உதைக்கிறது. பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. மழைக்கு என்ன கோபம் என்று நக்கீரர் யோசிப்பதாகத் தெரியவில்லை. மழை என்ன செய்தது, அதன் எதிரில் உயிர்கள் என்ன செய்தன என்பதே போதுமானதாக இருக்கிறது. குளிர் நம் எலும்புக்கு வந்துவிடுகிறது. ராஜாவின் பாசறைக்கும் ராணியின் படுக்கைக்கும் போகப்போகிற கவிதை மாட்டுக்காரனின் ஈரத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நவீன முன்மாதிரி வேண்டுமென்றால் துறைமுகத்துக்கே போகலாம். புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு உருவாகத் தொடங்கிய முறை அது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். தொலைக்காட்சி சொல்கிற எண்ணை ஏதோ வீரியத்தின் அளவு என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. ஐந்து என்றால் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுப் புயல் கடக்கும். ஆறு என்றால் வலப்புறம் விட்டு. ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ. எட்டு, ஒன்பது, பத்து இதே மூன்று உறவுகள், கடும் புயலுக்கு. கோபம், கருணை, தாண்டவம் எதுவும் அந்தக் கூண்டுக்குத் தெரியாது. புயல் போகிற பாதையில் நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதை மட்டும் சொல்கிறது. பதினொன்றாவது எண் இன்னும் விசேஷமானது: வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். செய்தி நின்றுவிட்டது என்பதையும் ஒரு செய்தியாக உயர்த்திக் காட்டுகிற நேர்மை அந்த முறைக்கு இருந்திருக்கிறது.

அதன் குறை, அது கப்பல்களைப் பார்த்துப் பேசுகிறது. சுவருக்கு உள்ளே பத்திரமாக இருப்பதா வெளியே திறந்த கடலுக்குப் போவதா என்று முடிவுசெய்ய வேண்டியவர்களுக்காக ஏற்பட்ட பாஷை. சுவருக்கு வடக்கே, வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகமுடியாதவர்களுக்காக ஒரு கூண்டும் உயர்ந்ததில்லை. அந்தக் காலி இடம் எழுதுகிறவனுக்குரியது என்று நான் நினைக்கிறேன். அடுத்த ஐப்பசியில் நம்மில் யாராவது கடலைப் பற்றி ஒரு வரி எழுதப் போகிறோம். எழுதுகிறவன் துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் நின்றுகொண்டு எழுதுகிறான் என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும். தெரிந்தால், ஏவுதல் கருத்தாவும் கூடவே வெளியே வந்துவிடும்.